ஊசிக்கு முன் கேட்ட கேள்வி

புதன்கிழமை, இரவு.

இடுப்பு வலியில் துடித்த அப்பாவுக்கு ஊசி போடுமுன், அவசரப் பிரிவு டொக்டர் கேட்டார்: "வேற மருந்து ஏதும் எடுக்கிறாரா?"

"ஒண்ணுமே இல்லீங்க ஐயா," என்றாள் அம்மா. தனியார் டொக்டரிடம் போவது தெரிந்தால் அரசாங்க ஆஸ்பத்திரியில் ஏசுவார்கள் என்ற பயம்.

நான் பொறுக்காமல் சொன்னேன்: "இரத்தம் உறையாம இருக்க கம்பளையில இருக்கிற தனியார் டொக்டர் தந்த குளிசை குடிக்கிறாரு."

அவர் ஊசியைக் கீழே வைத்தார். ஊசியும் குளிசையும் சேர்ந்திருந்தால் வயிற்றுக்குள் இரத்தம் கசிந்து உயிருக்கே ஆபத்தாகியிருக்குமாம். பிறகு எல்லோர் முன்னாலும் அம்மாவை ஏசினார்: "அங்கயே கூட்டிட்டுப் போக வேண்டியதுதானே?"

அவளைப் பொய் சொல்ல வைத்ததே இந்த ஏச்சுத்தான். அது அவருக்குப் புரியவேயில்லை.

அப்பாவை வார்டில் விட்டுவிட்டு வந்தோம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அம்மா, "அத்தன பேர் முன்னால என்னைய பொய்க்காரியாக்கிட்டியே," என்றாள்.

அடுத்த முறை அப்பாவைக் கூட்டிப் போகும்போது என்னை வீட்டில் விட்டுவிட்டுத்தான் போவாள்.