இரட்டும் இஸ்திரிச் சட்டையும்

ஜூன் 4, வியாழன்

போதகர் என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்தார். புதுக் கண்ணாடியை வாங்கிக்கொண்டு, போகிற போக்கில் ஒரு வேலையை என் தலையில் கட்டிவிட்டார். வேதாகமத்து மனிதர்கள் துக்கத்தை எப்படியெல்லாம் வெளிக்காட்டினார்கள் என்று ஞாயிறு வகுப்பில் நான் பேச வேண்டுமாம். தம்பியின் அடக்கத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத ஆள் நான். இவருக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா?

ஜூன் 5

படிக்கப் படிக்க மலைப்பு. யாக்கோபு உடையைக் கிழித்து இடுப்பில் இரட்டு கட்டுகிறார். யோபு தலையைச் சிரைத்துக்கொள்கிறார். மொர்தெகாய் சாம்பலைப் போட்டுக்கொண்டு ஊர் நடுவே அலறுகிறார். மனைவிக்கு வாசித்துக் காட்டினேன்.

"இரட்டுன்னா?"

"சாக்குத்துணி."

"நீங்க அடக்கத்துக்கே மடிப்புக் கலையாம வந்தவராச்சே."

நல்லவேளை, யோவேல் தீர்க்கதரிசி என் கட்சி. உடையை விட்டுவிட்டு இருதயத்தைக் கிழிக்கச் சொல்கிறார். பெருமையாகச் சொன்னேன்.

"சரி, அதையாவது கிழிச்சீங்களா?"

விளக்கை அணைத்தேன்.

ஜூன் 6

தம்பி மனைவி இன்றும் போனை எடுக்கவில்லை. அடக்கத்தில் நான் கல்லு மாதிரி நின்றேன் என்று என் மனைவியிடம் சொல்லி அழுதாளாம்.

கல்லா? நானா? அவனுக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக்குடுத்ததே நான்தானே — இதையெல்லாம் யாருகிட்ட போய்ச் சொல்றது.

ஜூன் 7, ஞாயிறு

கடைசி வரிசையில் தம்பி மனைவி. அந்தப் பக்கம் பார்க்காமலே பேசினேன். கிழிசல், சாம்பல், எல்லாம் ஒழுங்காகவே போயிற்று. "கிழிச்சதை அப்புறம் யாருங்க தைச்சாங்க?" என்று ஒரு பெரியவர் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

அடுத்து தாவீது, செத்துப்போன நண்பன் யோனத்தானை நினைத்துப் புலம்பும் இடம். "என் சகோதரனாகிய" என்பது வரைக்கும் வாசித்தேன். அவ்வளவுதான். மூக்கு ஒழுக, சட்டைக் கையிலேயே துடைத்துக்கொண்டு — கைக்குட்டை பையில்தான் இருந்தது. போதகர் ஜெபம் சொல்லி வகுப்பை முடித்துவிட்டார்.

ஜூன் 9

தம்பி மனைவி கடைக்கு வந்தாள். தம்பியின் மூக்குக்கண்ணாடியை மேசைமேல் வைத்தாள்.

"இதுல என் பவர் போட முடியுமா, அத்தான்?"

"ஃபிரேம் உனக்குப் பெரிசும்மா."

"பரவால்ல. அவருக்கும் வழுக்கிக்கிட்டேதான் இருந்துச்சு."

பரிசோதனை நாற்காலியில் உட்கார வைத்தேன். எழுத்துப் பலகையின் முதல் வரியிலேயே தடுமாறினாள்.

"கண்ணுல தண்ணி இருந்தா அளவு சரியா வராதும்மா."

என்னை நிமிர்ந்து பார்த்தாள். "பாக்குற உங்களுக்கும்தான் வராது."

கடைக் கதவைச் சாத்திவிட்டு நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.