‘முழுக் கவனம்’ பாராட்டைத் திரும்பப் பெறக் கோருதல்

அனுப்புநர்:
ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்,
மருந்துக் கடை ஊழியர்.
(பெயரும் முகவரியும் தனி உறையில் உள்ளன.)

பெறுநர்:
கல்வி அலுவலர் அவர்கள்,
கல்வி அலுவலகம்.

பொருள்: பள்ளியின் இணையத் தேர்வில் என் மகளுக்கு அளிக்கப்பட்ட ‘முழுக் கவனம்’ சான்றிதழை ரத்து செய்வது தொடர்பாக.

மரியாதைக்குரிய ஐயா,

1. பிள்ளைக்குப் பரிசு கிடைத்ததற்காகப் புகார் எழுதும் தாயைத் தாங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். தலைமையாசிரியையும் அதையே சொன்னார். கொடுத்த சான்றிதழைத் திரும்ப வாங்கப் பள்ளியில் வழி இல்லை என்றார். அதனால் தங்களிடம் வருகிறேன்.

2. திரையில் படிப்பதற்கு நான் எதிரி அல்ல. அறிவியல் பட்டதாரி. வகுப்பில் புரியாத பின்னக் கணக்கை என் மகள் செல்போனில் பார்த்துத்தான் புரிந்துகொண்டாள். வீட்டில் ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தோம்: அந்திநேர மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் எல்லார் செல்போனும் அலமாரி மேல் ஏறிவிடும், தொழுது, சாப்பிட்டு, மூவரும் பேசி முடித்த பிறகுதான் இறங்கும். பள்ளியின் வாரத் தேர்வை அந்த நேரத்தில்தான் வைத்தார்கள். மாற்றக் கேட்டேன். “மத்த பிள்ளைங்க எழுதுறாங்கல்ல, உங்களுக்கு மட்டும் என்னங்க?” என்றார் வகுப்பாசிரியை. என் கணவர்தான் விட்டுக்கொடுத்தார். “படிப்புதானே, எழுதட்டும் விடு” என்றார்.

3. தேர்வு முடியும் வரை கேமரா பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். கண் விலகினாலோ, பேசினாலோ, வேறொருவர் படத்தில் தெரிந்தாலோ எச்சரிக்கை வரும். மூன்றாவது எச்சரிக்கையில் தேர்வு ரத்து. “கண்ணு சிமிட்டலாமா, இல்ல அதுக்கும் டீச்சருக்கு லீவு லெட்டர் குடுக்கணுமா?” என்று என் கணவர் அவளைக் கிண்டல் செய்வார்.

4. அன்று எனக்குக் கடையில் மாலை வேலை. மகள் முன்னறையில் தரையில் அமர்ந்து, முக்காலியில் செல்போனைச் சாய்த்து வைத்துத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள். வேன் ஓட்டுநரான என் கணவர் வேலை முடிந்து வந்து ஸலாம் சொன்னார். பழக்கத்தில் பதில் சொல்லிவிட்டாள். முதல் எச்சரிக்கை. அவளைத் தனியே விட்டுப் பள்ளிவாசலுக்குப் போக மனமில்லாமல், அவளுக்குப் பின்னால், கேமராவில் படாத மூலையில் பாய் விரித்துத் தொழத் தொடங்கினார். சற்று நேரத்தில், திரையின் ஓரத்தில் தன் முகம் தெரியும் சிறு கட்டத்தில், தோளுக்குப் பின்னால் வாப்பாவின் தலை தரையில் இருப்பதை அவள் கண்டாள். நெற்றியைத் தரையில் வைத்து ஸஜ்தா செய்கிறார் என்று நினைத்தாள். வேறொருவர் தெரிகிறார் என்று இரண்டாவது எச்சரிக்கை வந்தது. அவர் எழவில்லை. ஸஜ்தா அவ்வளவு நீளாது என்று அவளுக்குத் தெரியும். திரும்பினால் தேர்வு போய்விடும் என்பதும் தெரியும். இப்போது எழுந்துவிடுவார், இப்போது எழுந்துவிடுவார் என்று அந்தச் சிறு கட்டத்தைப் பார்த்தபடியே கடைசிக் கேள்வி வரை எழுதினாள்.

5. அவருக்கு மூளையில் ரத்தம் உறைந்திருந்தது. உயிர் இருக்கிறது; வலது கையும் பேச்சும் இல்லை. “கொஞ்சம் முன்னாடியே கொண்டுவந்திருக்கலாமேம்மா” என்று டாக்டர் என்னிடம் சொன்னபோது, என் கைப்பையைப் பிடித்தபடி அவள் பக்கத்தில் நின்றிருந்தாள்.

6. தொழுகையில் கண்ணை அலையவிடக் கூடாது என்றுதான் எங்களுக்கும் கற்றுத் தருகிறார்கள். ஆனால் பக்கத்தில் ஒருவர் உயிருக்குப் போராடினால் தொழுகையை முறித்துக்கொண்டு ஓட வேண்டும் என்பதும் அதே பாடத்தில் உண்டு. அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவரே அவள் வாப்பாதான். இறைவன் முன் நிற்கும்போது கிடைக்கும் அந்த அனுமதி பள்ளியின் தேர்வில் இல்லை.

7. பின்னர் காலைக் கூட்டத்தில் அவள் பெயரை வாசித்தார்கள். தேர்வு முழுவதும் ஒருமுறைகூடத் திரையை விட்டுக் கண் விலகவில்லை என்பதற்காகச் சான்றிதழ். வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டாள்: “பரிசு குடுத்தது சரின்னா, நான் செஞ்சதும் சரியாம்மா?” இப்போது அவளால் யாருக்கும் முதுகு காட்டி உட்கார முடிவதில்லை. வகுப்பில் ஓயாமல் பின்னால் திரும்பிப் பார்க்கிறாளாம். கவனக்குறைவுக்குப் பெற்றோர் விளக்கம் தர வேண்டும் என்று அதே பள்ளி எழுதியிருக்கிறது. இரண்டு தாள்களின் நகலையும் இணைத்துள்ளேன்.

8. ஆகவே, அந்தச் சான்றிதழை ரத்து செய்து அறிவிப்புப் பலகையிலிருந்து அவள் பெயரை நீக்க உத்தரவிட வேண்டுகிறேன். வீட்டில் ஒருவருக்கு ஆபத்து என்றால் பிள்ளை எழுந்து ஓடலாம், தேர்வைப் பிறகு எழுதலாம் என்று எல்லாப் பள்ளிகளுக்கும் விதி எழுதப்பட வேண்டும். தேர்வு நேரத்தை மாற்றச் சொல்லி இப்போது கேட்கவில்லை. அலமாரி மேல் செல்போனை ஏற்றி வைத்து வந்தவர் என் கணவர்தான்.

9. தவறு விதியில் இருந்தது, பிள்ளையிடம் அல்ல என்று அவள் பெயருக்கே ஒரு வரி, அலுவலக முத்திரையுடன் வேண்டும். நான் சொன்னால் அம்மா சொல்கிறாள் என்று நினைக்கிறாள். தயவுசெய்து அதைச் செல்போனுக்கு அனுப்பாமல் தாளில் அனுப்புங்கள். என் கணவரால் பேச முடியாது. இடது கையால் ஒரு தாளைப் பிடித்து அவளிடம் நீட்ட முடியும்.

இடம்: எங்கள் வீட்டின் முன்னறை
நாள்: வெள்ளிக்கிழமை

(ஒப்பம்)
மாணவியின் தாய்

(இடது பெருவிரல் ரேகை)
மாணவியின் தந்தை