அப்பாவுக்காக எழுதிய பதில்

வாசுகி அப்பாவுக்கு,

விவாகரத்துக்கு முன் பெற்றோர் வகுப்புக்குப் போக வேண்டும் என்று கோர்ட்டில் சொன்னபோது, "எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம்" என்று கத்தினீர்கள். உங்களுக்குத்தான் முதலில் நடத்த வேண்டும்.

இன்று வகுப்பெடுக்கும் சயாமா நீங்கள் தாகேதா வகுப்பில் நிரப்பிக் கொடுத்த படிவத்தைக் காட்டினார். எழுத்தைப் பார்த்ததுமே அது வாசுகியுடையது என்று தெரிந்தது. வீட்டுக்கு வந்து அவளைக் கேட்டேன்.

"அப்பாவுக்குத்தான் பர்மா எழுத்து வராதேம்மா. என்னையும் கூட்டிட்டுத் தாகேதா போனப்ப, 'நீயே எழுதிடு'ன்னு குடுத்துட்டு டீக்கடைக்குப் போயிட்டாரு" என்கிறாள்.

எனக்கும்தான் வராது. என் படிவத்தைப் பக்கத்துக் கடை டோ மியாவைக் கெஞ்சி எழுதி வாங்கினேன். உங்களுக்கு நம் பத்து வயது மகள்தான் கிடைத்தாளா? நாம் இருவரும் சேர்ந்து அவளிடம் விஷயத்தைப் பக்குவமாகச் சொல்வோம் என்று சொன்னது நீங்கள்தானே?

"பிரியப்போவதைப் பிள்ளையிடம் எப்படிச் சொன்னீர்கள்?" என்பது கடைசிக் கேள்வி. அவள் எழுத, நீங்கள் என்னவென்றே கேட்காமல் கையெழுத்துப் போட்ட பதிலை சயாமா எனக்கு வாசித்துக் காட்டினார்.

"சொல்லவில்லை. இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது."

இப்படிக்கு,
அவளைப் பெற்றவள்