மெல்லிய காகிதம்

அன்புள்ள தபிதாவுக்கு,

நான் சுகம். உன் இருமல் நின்றதா? இங்கே டெக்சாஸில் நாங்கள் வேட்டையாடும் காட்டெருமைகள் குறைந்துவிட்டன.

குண்டில் சுற்றும் காகிதம் தீர்ந்துபோயிற்று. அது இல்லாமல் சுட்டால் ஈயம் துப்பாக்கிக் குழலில் ஒட்டிக்கொள்ளும். கூட்டாளி ஆரின் என் பையைத் துழாவி உன் கடிதங்களை எடுத்தான்.

"நல்ல மெல்லிசு. இதாண்டா தோது. படிச்சாச்சுல்ல?"

படித்தாயிற்று என்றேன். அவற்றை நறுக்கி நனைத்து, ஈயக் குண்டுகளில் சுற்றிக் காயவைத்து, கரிமருந்து நிரப்பிய தோட்டா உறைகளில் பொருத்தினோம். குறி தவறவில்லை. சுட்டதும் காகிதம் கிழிந்து குழலுக்கு முன்னால் சிதறும். புல்லில் ஒரு துண்டைப் பொறுக்கினேன். உன் கையெழுத்தில் "எப்போது" என்று மட்டும் இருந்தது.

தபால் வண்டி கிளம்புகிறது. மெல்லிய வெற்றுக் காகிதம் நிறைய அனுப்பு. நீ எழுதுவதைத் தடித்த காகிதத்தில் எழுது.

உன்,
சைலஸ்