டென்பியும் பூனாகலையும்

என்னங்க,

கர்த்தருக்குள் இளைப்பாறும் என் வீட்டுக்காரருக்கு எழுதிக்கொள்வது.

சனிக்கிழமை சாயங்காலம் நம் பதுளை வீட்டில் இருந்தவர்கள்: நான், நம் மகன் ராஜன், மருமகள் ஷாமினி, அவள் மடியில் நம் பேத்தி ரூத், உங்கள் தங்கை கிரேஸ், இங்கிலாந்திலிருந்து வந்த ஜூடித் அம்மா. வீட்டுக்கு வந்தவர்கள் பேரையும் செலவுக் கணக்கோடு எழுதிவைக்கிற என் பழக்கம் இன்னும் போகவில்லை. உங்கள் நாற்காலியில் கிரேஸ் உட்கார்ந்தாள். வேறு நாற்காலி இல்லை, கோவிச்சுக்காதீங்க.

ஜூடித் அம்மா யாரென்று கேட்பீர்கள். எல்ல ஊரில் ராஜன் வேலை பார்க்கிற கெஸ்ட் ஹவுஸில் தங்கியிருந்தவர். அவன் சட்டையில் குத்தியிருந்த பேரைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாராம். அவர் குடும்பப் பேரும் நம்மைப் போல டென்பி.

"மேடத்துக்கு நம்ம வீட்டப் பாக்கணுமாம்மா" என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

"ஐயோ, பங்கு கேட்டு வந்திருக்காளா?" என்றாள் கிரேஸ்.

"நம்மகிட்ட என்னா இருக்கு அத்தை, பங்கு கேக்க? இந்தத் தகரக் கூரையா?" என்றான் ராஜன்.

ஜூடித் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் எங்களோடு சேர்ந்து சிரித்தார். நல்ல மனுஷி. நம் வீட்டுக் காரத்தையும் கண்ணில் தண்ணீரோடு சாப்பிட்டார்.

அந்தப் பேருக்காக நீங்கள் பட்டது எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில், "டென்பி துரை வர்றாரு, எந்திரிங்கடா" என்பார்களாம். பெரியவர்கள் அதைவிடக் கேவலமாகப் பேசினார்கள். உங்கள் தாத்தாவைப் பெற்ற தாய் வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் வேலை செய்தவர். அது போதாதா ஊர் வாய்க்கு? "அது மடுல்சீமையில எங்க தேயிலைத் தோட்டத்தோட பேருங்க. பட்டணத்துல வந்து ஞானஸ்நானம் எடுத்தப்ப குடும்பப் பேரு என்னான்னு கேட்டாங்க, தாத்தா தோட்டத்துப் பேரச் சொன்னாரு" என்று நீங்கள் எத்தனை பேருக்குச் சொன்னீர்கள்! உடனே அவர்கள் திருப்பிக் கேட்பார்கள்: "அப்ப அந்தத் தோட்டத்துல வேற ஒருத்தனுக்கும் அந்தப் பேரு இல்லையே, ஏன்?"

அந்த ஒரு கேள்விக்குத்தான் உங்களிடம் பதில் இல்லை.

ராஜனும் அதே பேச்சைக் கேட்டு வளர்ந்தவன். "எம் பிள்ளைக்கு அந்தப் பேரு வேணாம்மா" என்று பாப்பா பிறந்த அன்றே சொல்லிவிட்டான். வருகிற ஞாயிற்றுக்கிழமை ரூத்துக்கு ஞானஸ்நானம். அதற்குள் போதகரிடம் முழுப் பேரையும் எழுதிக் கொடுக்க வேண்டும். நீங்களோ ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பேர விட்டுறாத. விட்டா அவனுங்க சொன்னது நெசம்னு ஆயிரும்" என்றீர்கள். சரி என்று தலையாட்டியவள் நான்.

தேத்தண்ணி குடித்துக்கொண்டே ஜூடித் அம்மா சொன்னார், ராஜன் தமிழில் சொன்னான். அவர் நாட்டில் டென்பி என்பது ஊர்ப் பேராம். ரொம்பக் காலத்துக்கு முன்னால் டென்மார்க்கிலிருந்து கடல் தாண்டி வந்தவர்கள் குடியிருந்த ஊர் என்று அதற்கு அர்த்தமாம். அந்த ஊரை விட்டுப் பிழைக்கப் போனவனைப் போன இடத்தில் உள்ளவர்கள் டென்பிக்காரன் என்று கூப்பிட, அதுவே குடும்பப் பேராகிப் பிள்ளைகளோடு ஊர் ஊராகப் போய்விட்டதாம். அதில் எவரோ ஒருவர்தான் துரையாக மடுல்சீமைக்கு வந்து, தோட்டத்துக்குத் தன் பேரை வைத்திருக்க வேண்டும்.

"மேடம் ஒருக்கா அந்த ஊரத் தேடிப் போனாங்களாம்மா. அங்க ஒரு டென்பியக்கூட அவங்க பாக்கலையாம்."

"அது எப்படிடா, அவங்க ஊருதானே?"

"ஊருக்குள்ள இருக்கிறவன ஊரு பேரச் சொல்லி யாரு கூப்புடுவா? வெளிய போனவனுக்குத்தானாம் அந்தப் பேரு ஒட்டும்."

உங்களிடம் இல்லாத பதில் இதுதானே? தோட்டத்தில் இருந்தவர்களுக்கு அந்தப் பேர் எதற்கு? அங்கிருந்து இறங்கி வந்த உங்கள் தாத்தாவுக்குத்தான் அது வேண்டியிருந்தது. நம் ஆண்டவரும் நாசரேத்திலேயே இருந்திருந்தால் அவரை யார் நசரேயன் என்றிருப்பார்கள்? தினமும் வேதம் வாசிக்கிறேன், இது ஏன் எனக்குத் தோன்றாமல் போயிற்று? நீங்கள் இருந்தபோதே இந்த அம்மா வந்திருக்கக் கூடாதா?

அப்போதுதான் ஷாமினி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அத்தை, ஒங்களயும் மார்க்கெட்ல பூனாகலை அக்கான்னுதானே கூப்புடுறாங்க! பூனாகலையில யாராச்சும் அப்படிக் கூப்புட்டாங்களா?"

இல்லையே. பிறந்த ஊரில் நான் எஸ்தர். கல்யாணமாகிப் பதுளைக்கு வந்த பிறகுதானே பூனாகலை ஆனேன்.

ராஜன் சிரிக்கவில்லை. பாப்பாவை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டான்: "அம்மா, போன எடத்துல ஒட்டுறதுதான் குடும்பப் பேருன்னா, ஒங்களுக்கும் ஒண்ணு ஒட்டியிருக்கே. ரூத் பூனாகலைன்னு எழுதட்டுமா?"

"பொம்பளப் பக்கத்துப் பேரையா?" என்று கிரேஸ் வாயைப் பிளந்தாள். நான் கோப்பைகளைக் கழுவ எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டேன்.

அங்கே என்ன நினைத்தேன் என்று உங்களிடம் மறைக்கவா? காலையில் குசினி வாசலில் நின்று, "பூனாகலை, தேத்தண்ணி இருக்கா?" என்பீர்களே. மார்க்கெட்டில் ஆயிரம் பேர் கூப்பிடட்டும், வீட்டுக்குள் என்னை அப்படிக் கூப்பிட்டவர் நீங்கள் ஒருவர்தான். நீங்கள் போன பிறகு இந்த வீட்டில் அந்தப் பேர் கேட்கவில்லை. பிள்ளைக்கு வைத்தால் மறுபடியும் கேட்கும்.

எனக்கு ஆசையாக இருக்கிறது. ஆனால் உங்களுக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறதே. பழிக்குப் பயந்து அந்தப் பேரை விடக்கூடாது என்றுதானே பிடித்துக்கொண்டிருந்தீர்கள்? இப்போது பழிக்குப் பதில் கிடைத்துவிட்டது. இனி விட்டால் அது தோற்றதாகுமா? எனக்குத் தெரியவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

எந்தப் பேர் வைத்தாலும், உங்கள் தாத்தா மலையிறங்கி வந்த கதையையும் அவரைப் பெற்றவளின் மானத்தையும் ரூத்துக்குச் சொல்லித்தான் வளர்ப்பேன். இது நான் கொடுக்கிற வாக்கு.

ஞாயிற்றுக்கிழமைக்குள் ஜெபத்திலோ கனவிலோ எப்படியாவது பதில் சொல்லுங்க. சீக்கிரம்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி,
பூனாகலை