பழைய படத்தைத் திறந்தால் படுத்துவிடும் சர்வர்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. என் நம்பரை நீ தடுத்துவைத்திருப்பதால்தான் காகிதம். கிழித்துப் போடுவதற்கு முன் ஒருமுறை படித்துவிடு.

அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. உன் அறையில் யாரையும் படுக்க விடுவதில்லை.

ஸ்கேன் சென்டர் சர்வரைப் பற்றித்தான் எழுத வந்தேன். மேனேஜரோடு சண்டை போட்டு நீ வேலையை விட்டாய். உன் பொறுப்பு அங்கேயே வேலை பார்க்கும் என் தலையில் விழுந்தது. மூன்றாம் வாரமே சர்வரும் விழ ஆரம்பித்தது. திரை முழுக்க, சர்வரை இயக்கும் அடிப்படை மென்பொருளான கர்னல் கக்கிய பிழை வரிகள், அப்புறம் அசைவே இல்லை. டாக்டரம்மா ஒரு நோயாளியின் பழைய படத்தைக் கேட்கும்போதெல்லாம் சொல்லிவைத்தாற்போல் படுத்தது. வெறும் வயிற்றோடு காத்திருந்தவர்களைத் திருப்பி அனுப்பினோம். "உங்க தம்பி ஏதோ வச்சிட்டுப் போயிருக்கார்" என்றார் மேனேஜர். நான் மறுக்கவில்லை.

வீட்டில் நீ "சர்வர் எப்படிக்கா இருக்கு?" என்று சிரித்தாயே, அந்தச் சிரிப்பை நாலு நாள் மனதில் புரட்டிக்கொண்டிருந்தேன். உன் லாகினை அழித்தேன், பாஸ்வேர்டுகளை மாற்றினேன். அப்படியும் விழுந்தது. நீ குளிக்கப் போன நேரம் உன் பையைத் துழாவினேன். சார்ஜரும் ஒரு சட்டையும்தான் இருந்தன. வெளியே வந்து பாதி திறந்த ஜிப்பைப் பார்த்தாய். மறுநாள் ஊரைவிட்டே போனாய். பயந்துதான் ஓடுகிறான் என்று நினைத்தேன்.

போன வாரம் இதை ஆராய உட்கார்ந்ததுகூட உன்னைப் பிடிக்கத்தான், காப்பாற்ற அல்ல. நீ தொட்டேயிராத புது மெஷினில் படங்களைச் சேமிக்கும் பகுதியான வால்யூமை வைத்து ஒவ்வொன்றாகச் செய்துபார்த்தேன். வால்யூமைத் திறந்தால் ஒன்றும் ஆகவில்லை. நேற்றைய நிலையை அப்படியே உறையவைத்த ஸ்னாப்ஷாட்டைத் தனி டிஸ்க் மாதிரி மவுண்ட் செய்து திறந்தேன், விழுந்தது. மூன்று தரம் செய்தேன், மூன்று தரமும் விழுந்தது. ஸ்னாப்ஷாட்டில் எதையும் எழுத முடியாது. உறைந்த நேரத்தில் பாதியில் நின்ற எழுத்துவேலையை அதன்மேல் முடிக்கப் பார்த்துக் கர்னல் தடுக்கி விழுகிறது. அதிலிருந்து எழுதக்கூடிய நகலான குளோன் எடுத்துத் திறந்தால் சாதுவாக இருக்கிறது. இப்போது அப்படித்தான் ஓட்டுகிறோம்.

ஸ்னாப்ஷாட்கள் டிஸ்க்காகத் தெரியாதபடி நீ மூடித்தான் வைத்திருந்தாய். திறந்துவிட்டது யார் என்று கட்டளைப் பதிவில் தேடினேன். அப்போதும் உன்னைத்தான் எதிர்பார்த்தேன். நீ போன மூன்றாம் வாரம், செவ்வாய்க்கிழமை, என் லாகின். டாக்டரம்மாவுக்குப் பழைய படம் ஸ்னாப்ஷாட்டிலிருந்தே சீக்கிரம் கிடைக்கட்டும் என்று நானே செய்தது. செய்ததே மறந்துவிட்டது.

பதிவை அச்செடுத்து மேனேஜரிடம் நீட்டினேன். படித்துவிட்டு அவரே சொன்னார். நீ புதிதாகச் சேர்ந்த இடத்திலிருந்து உன்னைப் பற்றி அவரிடம் விசாரித்தார்களாம். "அவர் அக்காவே அவரை நம்பலை" என்று சொல்லிவிட்டாராம்.

அதை மறுத்து அவர் கையெழுத்திட்ட கடிதம் இதோடு இருக்கிறது. அங்கே காட்டு. அவர்கள் உன்னை வேலையைவிட்டு அனுப்பியிருக்கக் கூடாது, இன்னும் நேரம் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

எனக்குப் பதில் போட வேண்டாம். அம்மாவுக்கு மட்டும் ஒரு போன் செய். அந்த நேரம் நான் பக்கத்தில் இருந்தால் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

நன்றாக இரு.

அக்கா