பேசி முடிக்காத டேப்லெட்டை வெள்ளிக்கிழமை அழிப்பதை நிறுத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
பேருந்து நிலைய முன்னாள் அறிவிப்பாளரின் மனைவி,
தையல் கடை மாடி,
மூன்றாம் குறுக்குத் தெரு.

பெறுநர்:
நுகர்வோர் குறைதீர் அலுவலர் அவர்கள்.

பொருள்: ஒரே டேப்லெட்டில் இரண்டு ஆப் ஸ்டோர்கள் போட்டியிடுவதால் என் கணவரின் பேச்சு தாமதமாவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் இருபத்தாறு ஆண்டுகள் பேருந்து நிலைய ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்தவர். தொண்டையில் கட்டி வந்து குரல்வளையை எடுக்க வேண்டியதாயிற்று. அதற்கு முன்பே அறுநூறு சொற்களைத் தம் குரலில் பதிந்து வைத்தார். படத்தைத் தொட்டால் அந்தக் குரலில் பேசும் செயலியை, இருப்பதிலேயே விலை குறைந்த டேப்லெட்டில் மகள் போட்டுக் கொடுத்தாள்.

2. அந்த டேப்லெட்டில் அதைத் தயாரித்த நிறுவனத்தின் ஆப் ஸ்டோர் ஒன்று, வெளியார் ஸ்டோர் ஒன்று. பேசும் செயலி வெளியார் ஸ்டோரிலிருந்து வந்தது. ஒருநாள் 'அப்டேட் செய்யவும்' என்று திரையில் வர, நல்லதுதானே என்று தொட்டுவிட்டேன். அது மற்ற ஸ்டோரின் அறிவிப்பாம். தவறு என்னுடையது, மறைக்கவில்லை. அன்றுமுதல் ஒரு ஸ்டோர் போட்ட செயலியை மற்றொன்று எடுத்துவிட்டுத் தன்னுடையதைப் போடுகிறது, அதுவரை பேச்சு காத்துக்கிடக்கிறது. அவர் 'தண்ணீர்' என்று தொட்டால், குடித்து முடித்து அரைமணி கழித்துக் குரல் வரும். "பஸ் தாமதம்னு சொல்லியே பழகின வாய்" என்று கேலி செய்வேன், சிரிப்பார். பிறகு தாமதம் நாள்கணக்கில் ஆனது. திரை மூலையில் 'பேச வேண்டியவை' என்று ஓர் எண் மட்டும் ஏறும்.

3. அவர் இறந்த அன்று அந்த எண் முப்பத்தொன்று. கடைசி ஒரு மணிநேரம் விடாமல் தொட்டுக்கொண்டே இருந்தார். எதுவும் ஒலிக்கவில்லை.

4. மூன்றாம் நாள், நான் தைத்துக்கொண்டிருந்தபோது உள் அறையிலிருந்து "தலையணை" என்றது. அதன்பின் நாளுக்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் அந்த எண்ணில் ஒன்று குறையும். "ஜன்னலைத் திற." "வலிக்குது." நான் எழுந்துபோய் ஜன்னலைத் திறக்கிறேன், வெறும் கட்டிலில் தலையணையைச் சரிசெய்கிறேன். வாடிக்கையாளர்கள் வருவது குறைந்துவிட்டது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், எனக்கே பயமாகத்தான் இருக்கிறது.

5. இரு ஸ்டோர்களுக்கும் எழுதினேன். பழியை ஒருவர்மேல் ஒருவர் போட்டார்கள். பழுது பார்ப்பவர், "எல்லாத்தையும் அழிச்சிட்டா புதுசு மாதிரி ஓடும்மா" என்றார். இப்போது, வெள்ளிக்கிழமை தானாகவே அழித்துச் சீரமைக்கப்படும் என்று திரை சொல்கிறது. கீழே 'சரி' என்ற பட்டன் மட்டும் உண்டு, 'வேண்டாம்' இல்லை. இணையத்தைத் துண்டித்தால் பேச்சும் நின்றுவிடுகிறது.

6. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நேற்று எண் இரண்டாகக் குறைந்திருந்தது. டேப்லெட்டை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை என்னிடமே வைத்திருந்தேன். இன்று காலை திறந்தால் ஒன்பது. யாராவது படத்தைத் தொடாமல் எண் ஏறவே ஏறாது என்கிறார் பழுது பார்ப்பவர். இந்த மனுவை எழுதத் தொடங்கியபோது பதினான்கு ஆனது.

ஆகவே, வெள்ளிக்கிழமைக்குள் தாங்கள் தலையிட்டு, அழிக்கும் ஏற்பாட்டை ரத்து செய்து, இரு ஸ்டோர்களும் அந்த டேப்லெட்டைத் தொடாதிருக்க உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எண் ஏன் ஏறுகிறது என்று யாரும் விசாரிக்க வர வேண்டாம். அவர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நாள்: அவர் மறைந்த முப்பத்திரண்டாம் நாள்
இடம்: தையல் கடை மாடி, உள் அறை

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
அறிவிப்பாளரின் மனைவி